அழிக்காமல் திருத்தியவர்

தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தால் லைப்ரரிம்மாவால் நாற்காலியில் உட்கார்ந்திருக்க முடியாது. ஒருமுறை கம்பைநல்லூரிலிருந்து மாடு பார்க்க வந்த ஒருவர் நூலக வாசலில் நின்று, அரூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். "நாலு மணிக்குங்க" என்றார் இவர். அந்த மனிதர் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான், முந்தின வாரம் அந்த பஸ்ஸை மூன்றரைக்கு மாற்றிவிட்டது நினைவுக்கு வந்தது. "கொஞ்சம் பாத்துக்குங்க நர்சம்மா" என்று என்னிடம் நூலகத்தை விட்டுவிட்டு, முக்காடு தோளில் விழ, சித்திரை வெயிலில் பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினார். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் போய்க் கையை நீட்டி நின்றுவிட்டார். கண்டக்டர் திட்டினார். டீக்கடையில் நிதானமாகக் காலாட்டிக்கொண்டிருந்த அந்த ஆளைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக, "நான் சொன்னது தப்புங்க. நாலு இல்ல, மூணரை" என்று முறைப்படி திருத்தமும் சொல்லிவிட்டுத்தான் திரும்பி வந்தார். அந்த ஆளுக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

எண்பதுகளின் நடுவில், பாப்பிரெட்டிப்பட்டிக்கு அப்பால் சித்தேரி மலையின் அடிவாரத்தில் ஒரு சிற்றூரில் நான் கிராம நர்ஸாக இருந்தேன். அவர் அங்கிருந்த பகுதி நேர நூலகத்தின் பொறுப்பாளர். கடைத்தெருவில் தையல் மெஷின் போட்டிருந்த பாயின் மூத்த மகள். என் வயதுதான், முப்பதுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஊரில் எல்லாரும் லைப்ரரிம்மா என்றே கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். மேஜைமேல் எப்போதும் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா, ஒரு பென்சில் வைத்திருப்பார். ரப்பர் வைத்துக்கொள்ள மாட்டார். பென்சிலோடு ஒட்டி வருகிற ரப்பரைக்கூடப் பல்லால் கடித்துத் துப்பிவிடுவார்.

நூலகம் என்றால் ஓட்டு வீடு ஒன்றின் முன்னறை. இரண்டு பீரோ, ஒரு நீள மேஜை, இரண்டு பெஞ்சு. புத்தகங்கள் எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்தவை. வருகிறவர்கள் கேட்டதோ வேறு. மலை ஓடையில் எந்த மாதம் தண்ணீர் வரும், சாமைக்கு எப்போது உழுவது, ரேஷன் கார்டில் மருமகள் பேரைச் சேர்க்க யாரைப் பார்ப்பது என்று கேட்டார்கள். இதற்கெல்லாம் பீரோவில் பதில் இல்லை. அதனால் அவர் கெட்டி அட்டை போட்ட பெரிய ரிஜிஸ்தர் நோட்டு ஒன்றை வாங்கி, தன் அப்பாவின் தையல் நூலை முறுக்கி அதை மேஜைக் காலோடு கட்டி வைத்தார். அட்டையில் மூன்று வரி எழுதினார். யார் வேண்டுமானாலும் எழுதலாம். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். யாரும் அழிக்கக் கூடாது.

ஊர் நோட்டு என்று அதற்குப் பேராகிவிட்டது.

ஆரம்பத்தில் அவரவர் இஷ்டத்துக்கு எழுதிவைத்தார்கள். எது தலைப்பு, எது விஷயம் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. அதனால் அட்டையின் உள்பக்கத்தில் எழுதும் முறையை வரைந்து ஒட்டினார். தலைப்புக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு. அதற்குள் வருகிற சின்னத் தலைப்புக்கு மூன்று கோடு. ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்வதானால் வரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம். கட்டாயம் கண்ணில் படவேண்டிய சொல்லுக்கு அடியில் கோடு. ஒரு சொல்லைச் சுற்றி நீலப் பெட்டி போட்டிருந்தால், அதைப் பற்றி நோட்டில் தனிப் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டிக்குள்ளேயே பக்க எண் இருக்கும். சிவப்புப் பெட்டி என்றால் அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் எழுதவில்லை. தெரிந்தவர்கள் எழுதலாம்.

பேனா பிடித்துப் பழகாத விவசாயிகளுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் விதமே தனி. ஒருநாள் ஒரு பெரியவர், "இந்த நட்சத்திரமெல்லாம் எதுக்கும்மா? எழுத்துதான புரியோணும்?" என்று கேட்டார்.

"நீங்க நாத்து நடறப்ப வரிசை எதுக்குப் போடறீங்க?"

"களை எடுக்கறவ கால் வெக்க வேணாமா?"

"படிக்கறவங்களுக்கும் கால் வெக்க எடம் வேணுமில்லீங்களா?"

பெரியவர் சிரித்துக்கொண்டே நான்கு நட்சத்திரம் போட்டார். நான்கும் நான்கு மாதிரி இருந்தன.

தவறைத் திருத்துவதற்குத்தான் கடுமையான சட்டம். பழையதன்மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரியவேண்டும். அதன் கீழே புதியதை எழுதி, பேரும் தேதியும் காரணமும் போடவேண்டும். சண்டை போடுவதானால் நோட்டின் கடைசிப் பக்கங்களுக்குப் போகவேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்வதை இவரே எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கிக்கொள்வார்.

இந்தச் சட்டம் நோட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்தவர்கள் ஏமாந்துபோனார்கள். அவரைப் பெண் பார்க்க தர்மபுரியிலிருந்து ஒரு குடும்பம் வந்தபோது நானும் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு இரும்புக் கடை. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. பெண்ணுக்கு இருபத்தாறு வயது என்று அவருடைய அப்பா சொல்லி முடித்ததுதான் தாமதம், டீத் தட்டோடு நின்றிருந்தவர், "அது அப்பா சொல்ற வயசுங்க. எனக்கு இருவத்தொம்போது. திருத்திக்குங்க" என்றார். பிஸ்கட்டை எடுத்த மாப்பிள்ளையின் தாயார் அதை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

அவர்கள் போனபிறகு அவருடைய அப்பா கதவோரம் உட்கார்ந்து அளவு நாடாவைச் சுருட்டினார். பிறகு, "மூணு வருசம்மா. யாருக்கு என்ன நட்டம்?" என்றார்.

"அப்புறம் தெரிஞ்சா உங்க பேச்ச யாரும் நம்ப மாட்டாங்கப்பா. நீங்க அளவெடுத்துத் துணி வெட்டறவரு" என்றார் மகள். தட்டில் மிஞ்சிய பிஸ்கட்டை ஆளுக்கொன்றாக எங்களுக்குக் கொடுத்தார். இந்தப் பிடிவாதம் இவரை எங்கே கொண்டுபோய் விடுமோ என்று அன்றைக்குப் பயந்தேன்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஊருக்கு வந்த புதிதில், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கவேண்டிய உப்புச் சர்க்கரைத் தண்ணீரைப் பற்றி நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். ஒரு லிட்டர் தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை. தலைப்புக்கு இரட்டைக் கோடு, வரிக்கு நட்சத்திரம், எல்லாம் முறைப்படி. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் என் டீஸ்பூனுக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு கேள்விக்குறி. கீழே லைப்ரரிம்மாவின் கையெழுத்தில், "எங்க வூட்ல ஸ்பூன் கிடையாது. வெரலால எடுத்தா எவ்ளோ?" என்று எழுதி, ஆடு மேய்க்கும் ஒரு பெண்ணின் கைநாட்டு.

எனக்குக் கோபம் வந்தது. "பயிற்சி எடுத்து வந்து எழுதியிருக்கேன். ஆடு மேய்க்கறவங்க வந்து கேள்வி போடுவாங்களா?"

"போடலாங்க, நர்சம்மா. அட்டையில அப்படித்தான இருக்குது." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மா போன வருசம் ஒரு புள்ளையப் பறிகொடுத்தவங்க. வம்புக்குக் கேக்கல" என்றார்.

அடுத்த நாள் பால் அளக்கும் லிட்டரையும் என் பையிலிருந்த டீஸ்பூனையும் எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். மூன்று விரல் நுனியால் உப்பை எடுக்கச் சொல்லி, அந்த உப்பை ஸ்பூனில் போட்டுப் பார்த்தேன். நான்கைந்து தடவை எடுக்க வைத்து, அவர் வீட்டுச் சொம்புக்கு எவ்வளவு என்று கண்டுபிடித்தோம். பிறகு நூலகத்துக்கு வந்து என் வரியை நானே ஒரு கோட்டில் அடித்தேன். விரல் கணக்கையும் சொம்புக் கணக்கையும் எழுதி, கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கீழே ஊற்றிவிட வேண்டும் என்று சேர்த்து, அடியில் கோடு போட்டேன். காரணம் என்ற இடத்தில் அந்தப் பெண்ணின் பேரை எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பார்த்து எத்தனை வீட்டில் தண்ணீர் கலக்கினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்த வீடுகளில் எல்லாம் விரலால்தான் கலக்கினார்கள்.

அந்த நோட்டால் அவருக்கு வந்த பெரிய சோதனை மலை வழியைப் பற்றியது.

மலையின் மேலே இருந்த சிற்றூர்களிலிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை, ஊருக்கு வரும்முன் ஒரு மாந்தோப்பின் நடுவே வரும். தோப்புக்காரர் ஊரில் பெரிய நிலக்காரர். நூலகம் நடந்த அந்த முன்னறையும் அவர் இலவசமாகக் கொடுத்ததுதான். மலை ஆடுகள் இறங்கி வந்து புதிதாக வைத்த ஒட்டுக்கன்றுகளை இரண்டு தடவை மொட்டையடித்துவிட்டன. அவர் தோப்பைச் சுற்றி முள்வேலி கட்டி, பாதை நுழையும் இடத்தில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டினார். மலைக்காரர்கள் இரண்டு மைல் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. தாலுகா ஆபீசுக்கு மனுக் கொடுத்தார்கள். சர்வேயர் வருவார் என்று பதில் வந்தது.

ஊர் நோட்டின் ஏழாம் பக்கத்தில், மலைக்குப் போகும் வழி என்ற தலைப்பின் கீழ், மூன்றாவது நட்சத்திரத்தில், "தோப்பு நடுவே பொதுவழி" என்று இருந்தது. வேலி வருவதற்கு ரொம்ப நாள் முன்னால் மலைக்காரர் ஒருவர் பேர் போட்டு எழுதியது. அதைத் தோப்புக்காரர் கேள்விப்பட்டு, ஒரு பிற்பகலில் இரண்டு ஆட்களோடு நூலகத்துக்கு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏம்மா, அந்த ஏழாம் பக்கத்தக் கிழிச்சிக் குடு."

"கிழிக்க மாட்டேங்கய்யா."

"என் கட்டடத்துல ஒக்காந்துகிட்டு எனக்கு எதிரா எழுதுவியா?"

"நான் எழுதலீங்க. எழுதுனவங்க பேரு கீழ இருக்குது. தப்புன்னா நீங்க திருத்துங்க. உங்களுக்கும் அந்த உரிமை உண்டு." நோட்டைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார்.

தோப்புக்காரர் அதை எதிர்பார்க்கவில்லை. பேனாவை வாங்கி அந்த வரியைக் கிறுக்கப் போனார்.

"ஒரே கோடுங்கய்யா" என்றார் இவர்.

என்ன நினைத்தாரோ, நிறுத்திவிட்டார். கீழே, "இது பொதுவழி அல்ல. என் பட்டா நிலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போடச் சொல்லி இவர் விரலால் இடத்தைக் காட்டினார். போட்டார். எழுந்து போகும்போது, "மாசக் கடைசிக்குள்ள ரூம காலி பண்ணிக் குடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருவைத் தாண்டியதும் லைப்ரரிம்மா நோட்டை மூடினார். பீரோவைத் திறந்து புத்தகங்களை எண்ணி, அப்பாவின் கடையில் எத்தனை அடுக்க முடியும் என்று கணக்குப் போடத் தொடங்கினார்.

அதற்குப் பத்து நாளில், மலையில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம். காலையில் நான் போய்ப் பார்த்தபோதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது நல்லது என்று தோன்றியது. கட்டிலைக் கவிழ்த்து மூங்கில் கட்டி நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். உச்சி வெயிலில் தோப்புக் கேட்டுக்கு வந்தால் பூட்டு. காவல்காரன் ஓடி வந்தான். "சாவி என்கிட்ட இல்லீங்க நர்சம்மா. ஐயா தர்மபுரி போயிருக்காருங்க" என்று அழாத குறையாகச் சொன்னான். சுற்றிப் போக நேரமில்லை. கேட்டுக்கு வெளியே, வேலிக்கு மேலாக வந்து விழுந்த மாமர நிழலில் கட்டிலை இறக்கினோம். சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். அங்கேயேதான் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. ஊசி போட்டு, அடிவயிற்றைப் பிடித்து அழுத்திக்கொண்டே, கட்டிலோடு கூடவே நடந்து இரண்டு மைல் சுற்றி ரோட்டுக்கு வந்தேன். பிறகு வண்டி கிடைத்தது, ஆஸ்பத்திரி கிடைத்தது. இரண்டு உயிரும் பிழைத்தன.

மறுநாள் நேராக நூலகத்துக்குப் போனேன். ஏழாம் பக்கத்தைத் திறந்து, தோப்புக்காரர் எழுதிய வரியை மையால் மெழுகிவிடப் பேனாவை எடுத்தேன். எனக்குப் பின்னால் மலையிலிருந்து வந்த நான்கைந்து பேரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். லைப்ரரிம்மா அந்த வரியின்மேல் தன் உள்ளங்கையை வைத்துவிட்டார்.

"கைய எடுங்க" என்றேன்.

"மாட்டேங்க."

"நேத்து அங்க என்ன நடந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். அத எழுதுங்க. அவரு எழுதுனத அழிக்காதீங்க."

"ரூம காலி பண்ணச் சொன்னவருக்குப் பரிஞ்சு பேசறீங்களா?"

"அவரு கிழிக்கச் சொன்னப்ப பொதுவழின்னு எழுதுன பக்கத்தக் காப்பாத்துனேன். இப்ப நீங்க அழிக்க வந்தா அவரு வரியக் காப்பாத்தாம விட்டுடுவேனா?" அவர் கண் கலங்கியிருந்தது. கையை மட்டும் எடுக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. மலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் வேறு வழி தெரியாமல் உட்கார்ந்து எழுதினேன். எத்தனை மணிக்குக் கேட்டுக்கு வந்தோம், யார் தூக்கினார்கள், காவல்காரன் என்ன சொன்னான், எவ்வளவு ரத்தம் போனது, எந்த வழியாகச் சுற்றினோம். எழுத எழுத என் கோபம் வடிந்து, நடந்தது மட்டும் தாளில் நின்றது. தோப்புக்காரரைப் பற்றி ஒரு சொல்கூட எழுதத் தேவைப்படவில்லை. கீழே என் பேரும் தேதியும் போட்டேன்.

எனக்குப் பிறகு மலைக்காரர்களில் ஒருவர், "எங்க அப்பன் பொணத்த அந்த வழியாத்தான் எறக்குனோம். அதையும் எழுதலாமா?" என்று கேட்டார்.

"நட்சத்திரம் போட்டு எழுதலாங்க" என்றார் லைப்ரரிம்மா.

அந்த வாரம் முழுக்க ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். கல்யாணமாகி அந்த வழியில் வந்தவர்கள், பள்ளிக்கூடம் போனவர்கள், சந்தைக்குப் புளியும் தேனும் சுமந்தவர்கள். எழுதத் தெரியாதவர்களே அதிகம். அவர் மதியச் சாப்பாட்டையும் மறந்து எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்கினார். "நடுத்தோப்பு இல்லம்மா, நான் சின்ன வயசுல கெழக்கு ஓரமாத்தான் போனேன்" என்று ஒரு கிழவர் சொன்னதையும், மற்றவர்கள் முறைத்தும், அப்படியே எழுதிக்கொண்டார். தோப்புக்காரரின் காவல்காரன்கூட ஒரு மாலையில் வந்து, ஆடுகள் கன்றுகளைத் தின்றது நிஜம்தான் என்று எழுதச் சொல்லிக் கைநாட்டு வைத்துவிட்டுப் போனான்.

சர்வேயர் வந்தார். தாலுகா ஆபீசின் பழைய வரைபடத்தைக் கொண்டுவந்திருந்தார். நூலகத்துக்குள் வந்து உட்கார்ந்து அந்தப் பக்கங்களை முதல் வரியிலிருந்து படித்தார். தோப்புக்காரரின் மறுப்பை இரண்டு தடவை படித்தார். காவல்காரன் சொன்னதையும் படித்தார்.

"ஒரு பக்கத்தாளுங்க மட்டும் எழுதியிருந்தா இத மூடி வெச்சிட்டுப் போயிருப்பேன். எல்லாத்தையும் வெச்சிருக்கீங்களே" என்றார். பிறகு அந்தக் கிழவரின் வரியைத் தொட்டு, "இவர வரச் சொல்லுங்க" என்றார்.

கிழவர் முன்னால் நடக்க, அளவுச் சங்கிலி பிடிப்பவர்கள் பின்னால் போனார்கள். வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருந்த வழி, தோப்பின் நடுவே போகவில்லை. கிழக்கு ஓரமாகப் போயிற்று. அங்கே புதரும் கல்லும் மூடிக் கிடந்தன. ஆட்கள் காலப்போக்கில் நடுவில் நடக்கப் பழகிவிட்டிருக்கிறார்கள். தோப்பு அவருடையது என்பது சரி. வழி இல்லை என்பது தவறு. பொதுவழி என்றது சரி. நடுவே என்றது தவறு. கிழக்கு ஓர வழியைத் திறந்துவிட வேண்டும், அதற்கும் தோப்புக்கும் இடையில் வேலி போட்டுக்கொள்ளலாம் என்று சர்வேயர் எழுதிக் கொடுத்தார்.

அன்று மாலை மலைக்காரர்கள் நூலகத்தில் கூடிவிட்டார்கள். எல்லாருக்கும் சந்தோஷம். லைப்ரரிம்மா அவர்களுக்கு முன்னாலேயே "தோப்பு நடுவே" என்பதன்மேல் ஒரு கோடு போட்டு, "தோப்பின் கிழக்கு ஓரமாக" என்று எழுதினார். "நாமளும் கொஞ்சம் தப்பாத்தான் எழுதியிருந்தோம்" என்று சொன்னார். யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. முன்பு நான் மெழுகப் போன வரியில் பாதி உண்மை இருந்தது.

புதர் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில், ஒருநாள் தோப்புக்காரர் தனியாக வந்தார். மேஜையைச் சுற்றிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்ததும், "அந்தப் பொண்ணும் கொழந்தையும் நல்லா இருக்குதாம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார்கள் என்றேன். தலையை அசைத்தார். நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ஏழாம் பக்கத்தையும், அதற்குப் பின்னால் நான் எழுதியிருந்ததையும் படித்தார். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, தன் வரியின்மேல் தானே ஒரு கோடு இழுத்தார். யாரும் சொல்லாமலே ஒரே கோடு. கீழே, "கிழக்கு ஓரம் பொதுவழி. கேட்டை எடுத்துவிட்டேன்" என்று எழுதிப் பேரும் தேதியும் போட்டார். காரணம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. "விசாரிக்காமல் எழுதிவிட்டேன்" என்று எழுதினார்.

எழுதிவிட்டு, மெதுவான குரலில், "ஏம்மா, மொதல்ல நான் எழுதுனது அடியில தெரியுதே. அத மட்டும் முழுசா மறைச்சிடலாமா? நாளைக்கி எம் பேரப் புள்ளைங்க படிக்கும்" என்றார்.

"வேணாங்கய்யா" என்றார் லைப்ரரிம்மா. "அத மறைச்சிட்டா நீங்க மாத்திகிட்டது யாருக்குத் தெரியும்? தப்பு எல்லாரும்தான் எழுதறோம். தானா வந்து திருத்துனவரு எங்க தாத்தான்னு அவங்க படிக்கட்டும்."

தோப்புக்காரர் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தார். ரூமைக் காலி பண்ணுவதைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர், பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மலைக்காரர் ஒருவரைக் கையைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த செய்தித்தாளில் ஒரு தாளைத் தனக்குக் கேட்டார். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள்.

அன்று நூலகம் அடைக்கும் நேரம் தாண்டிவிட்டது. லைப்ரரிம்மா சாவியை எடுக்கவே இல்லை. விளக்கைப் போட்டுவிட்டு, தன் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.